தப்பும் பொய்யும்

1

என் மகள் மீரா என் அக்காவைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டாள். முகத்துக்கு நேராக. லைப்சிக்கில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் சாய்த்து வைத்த போனில், முடிச்சூரிலிருந்து பேசிக்கொண்டிருந்த மல்லிகா அக்காவைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் அக்காவுக்கு மாலை. வழக்கமாக மாவு புளித்ததா, மீரா இளைத்துவிட்டாளா என்று ஆரம்பிப்பாள். அன்று எடுத்த எடுப்பில், “டேய் சேகர், என் வீடியோவ எடுத்துட்டானுங்கடா” என்றாள். 

“எந்த வீடியோக்கா?”

“சுகர் வீடியோ. அவ்ளோ பேர் பாத்தது. ‘தவறான மருத்துவத் தகவல், அகற்றப்பட்டது’ன்னு ரெண்டு வரி அனுப்பியிருக்கான். யாரு எவருன்னு ஒண்ணும் இல்ல.”

எனக்குப் பின்னால் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மீரா வந்து போனில் முகத்தைக் காட்டினாள்.

“நான்தான் ரிப்போர்ட் பண்ணேன் அத்தை. அது பொய்.”

அக்கா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். பிறகு, “நான் பொய் சொன்னேனாம்மா?” என்று கேட்டாள். மீரா ஏதோ சொல்லத் தமிழைத் தேடிக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்தது.

மீராவுக்குப் பதினாறு வயது. இங்கே வரும்போது கைக்குழந்தை. ஜெர்மன் அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. தமிழ், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிற சட்டை மாதிரி, தோள்பட்டையில் இறுக்கும். ஜெர்மனில் ‘ஃபால்ஷ்’ என்று ஒரு சொல் உண்டு. கணக்கில் விடை பிசகினாலும் ஃபால்ஷ், பொய்ப்பல்லும் ஃபால்ஷ். ‘அந்த வீடியோ ஃபால்ஷ்’ என்பதைத்தான் அவள் தமிழாக்கியிருக்கிறாள். ‘தப்பு’ என்ற சொல் அந்த நேரத்தில் நாக்குக்கு வரவில்லை.

“என்ன வித்தியாசம்ப்பா?” என்று கேட்டாள்.

“தெரியாம சொன்னா தப்பு. தெரிஞ்சே சொன்னா பொய்.”

“அந்த மருந்தைக் குடிக்கறவங்களுக்கு?”

நான் தட்டுகளைக் கழுவப் போனேன்.

2

மல்லிகா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் இருபது வருஷத்துக்கும் மேல் சேலைப் பிரிவில் நின்றவள். நின்றவள் என்று சொல்வது வெறும் பேச்சுக்கு இல்லை. உட்கார நாற்காலி கிடையாது. வாங்குவதில்லை என்று முடிவு செய்து எழுந்துவிட்ட பெண்ணைக்கூட, “கலர் பிடிக்கலன்னா பரவால்லம்மா, சும்மா தோள்ல போட்டு கண்ணாடில பாருங்க” என்று திரும்ப உட்கார வைத்துவிடுவாள். அந்தக் குரலில் ஒரு நெருக்கம் உண்டு. கேட்கிறவர்களுக்குத் தன்னிடம் மட்டும் சொல்வதாகத் தோன்றும்.

கால் நரம்பு சுருட்டிக்கொண்டதில் கடையை விட்டாள். வீட்டில் இருந்தபடி சமையல் வீடியோ போட ஆரம்பித்தாள். ரயில்வேயில் ஓய்வு பெற்ற மாமாதான் போனைப் பிடிப்பார். காரக்குழம்பு, அடை, நண்டு ரசம். நூறு பேர், இருநூறு பேர் பார்த்தார்கள். பிறகு அவளுக்குச் சர்க்கரை வந்தது. ஆரம்ப நிலைதான், மாத்திரை போதும் என்றார்கள். யாரோ சொன்னார்கள் என்று ஒரு இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தாள். அதே சமயத்தில் இனிப்பை விட்டாள், ஏரிக்கரையில் தினமும் நடந்தாள். அளவு குறைந்தது. நடையை மறந்துவிட்டு இலையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாள்.

அந்த இலையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இதைப் படிப்பவர்களில் ஒருவராவது நாளைக்குப் பறிக்கப் போவார்.

“மாத்திரையும் வேணாம், ஊசியும் வேணாம் கண்ணுங்களா” என்று சேலை விற்ற அதே குரலில் சொன்னாள். அவளுடைய சமையல் வீடியோ எல்லாவற்றையும் கூட்டினாலும் வராத கூட்டம் அந்த ஒன்றுக்கு வந்தது.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். காலை உணவுக்கு முன் வரிசையாக அறைகளுக்குப் போய்ச் சர்க்கரை பார்த்து இன்சுலின் போடுவது என் வேலை. வீடியோவைப் பார்த்த அன்றே அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, உடனே எடுத்துடு. ஊசி போடறவங்க நிறுத்தினா உயிருக்கே ஆபத்து.”

“எனக்குக் கொறைஞ்சுதேடா? நான் என்ன, பாட்டில் போட்டா விக்கிறேன்? எனக்கு நடந்ததை நான் சொல்றேன்.”

“உனக்கு மாத்திரை. அவங்களுக்கு ஊசி. ரெண்டும் வேற.”

“இத பாரு, கடையில அத்தன வருஷம் கஸ்டமர் பேசுவாங்க, நான் தலையாட்டணும். இப்பதான் நான் பேசறேன், நாலு பேர் கேக்கறாங்க. இங்கயும் வந்து வாய மூடுன்னா எப்படி?”

மருத்துவத்தில் அவள் பிசகியிருந்தாள். ஆனால் கடைசியில் அவள் கேட்டது மருத்துவம் இல்லை.

3

எங்கள் முதியோர் இல்லத்தில் க்ராமர் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். இந்த ஊர் கிழக்கு ஜெர்மனியாக இருந்த காலத்தில் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். ஊசிக்கு வயிற்றைக் காட்டியபடி ஊர்க்கதை கேட்பது அவருக்குப் பிடிக்கும். என் அக்காவின் கதையைச் சொன்னேன்.

“நீக்கினது யார்?” என்றார்.

“தெரியவில்லை. நிறுவனம்.”

“ஆள் பெயர் இல்லையா?”

“இல்லை. இயந்திரமாகக்கூட இருக்கலாம்.”

“எங்கள் காலத்தில் எதை அச்சடிக்கக் கூடாது என்று சொல்ல ஒரு ஆள் வருவான். மோசமான ஆள். ஆனால் அவன் முகம் எனக்குத் தெரியும். அவன் எந்தக் கடையில் பீர் குடிப்பான் என்றும் தெரியும்.” சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். “உன் அக்கா சொன்னதை நம்பி நான் இந்த ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும்?”

“உங்கள் உடம்பு ஒரு வாரம் தாங்குவது கஷ்டம்.”

“அப்போது நீக்கினது சரிதான்” என்றார். சற்று யோசித்து, “இருந்தாலும் பெயரைப் போட்டிருக்க வேண்டும்” என்றார்.

இந்த நாட்டின் அலுவலகங்களை நான் நிறைய வைதிருக்கிறேன். விசா நீட்டிப்புக்குப் போனால் போன தடவை கொடுத்த அதே தாளை மறுபடி கேட்பார்கள். ஆரம்பத்தில் ஒருமுறை, ‘எனக்கு அனுமதி தாருங்கள்’ என்பதற்குப் பதில் ‘உங்களுக்கு நான் அனுமதி தருகிறேன்’ என்று சொல்லி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் வருகிற ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் அதைக் கையாண்டவர் பெயரும் அறை எண்ணும் இருக்கும். பிடிக்காத பதில் வந்தால் அந்த அறைக் கதவைத் தட்டலாம். முடிச்சூரில் இருக்கும் என் அக்கா எந்தக் கதவைத் தட்டுவாள்?

4

அக்கா எங்களோடு பேசாமல் இருந்த நாட்களில்தான் ஸ்டெல்லாவின் விஷயம் நடந்தது.

ஸ்டெல்லா அக்காவின் மாடி வீட்டில் குடியிருப்பவர். முன்னறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பார். முடிச்சூர் முழுக வெள்ளம் வந்தபோது கீழ் வீட்டில் இருந்த அக்காவும் மாமாவும் ஸ்டெல்லாவின் அறையில்தான் படுத்திருந்தார்கள். பல வருஷமாக அவருக்குச் சர்க்கரை. தினம் இரண்டு வேளை ஊசி. அக்காவின் வீடியோவை முதலில் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். ஊசியை நிறுத்தியதை யாரிடமும் சொல்லவில்லை. உடம்பு நன்றாக ஆனதும் அக்காவிடம் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தாராம்.

காலில் சின்னப் புண். மெஷின் அடியில் கிடந்த தையல் ஊசி குத்தியது. அது ஆறவில்லை. வீடியோவை நீக்கிய பிறகும் ஸ்டெல்லா கஷாயத்தை நிறுத்தவில்லை. அவர் தலைக்குள் இருந்ததை யாரும் நீக்கவில்லையே. ஒரு நாள் காலையில் ரவிக்கை வாங்க மாடிக்குப் போன அக்கா, கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாமல் கிடந்த ஸ்டெல்லாவைப் பார்த்தாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

பிழைத்துவிட்டார். வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

கண் விழித்ததும் டாக்டர் கேட்டிருக்கிறார், “யாரும்மா ஊசிய நிறுத்தச் சொன்னது?” என்று. அக்கா கட்டில் ஓரத்தில் நிற்கிறாள். ஸ்டெல்லா அவளைப் பார்க்காமல், “நானாத்தான் சார் நிறுத்துனேன்” என்றாராம்.

இதை அக்கா எனக்குப் போனில் சொன்னபோது அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

“மீராவக் கூப்பிடு” என்றாள்.

மீரா வந்தாள். இதற்குள் அவள் வார்த்தையைத் தேடி வைத்திருந்தாள். “அத்தை, அன்னிக்கு நான் சொன்னது… பொய் இல்ல. தப்பு. நீங்க சொன்னது தப்பு. பொய் இல்ல.”

“தப்புதான் கண்ணு” என்றாள் அக்கா. “ஆனா ஸ்டெல்லா கால் விரலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அடுத்த நாள் அக்கா இன்னொரு வீடியோ போட்டாள். சமையலறையில் நின்று, தலைகூடச் சரியாக வாராமல். “நான் சொன்னது தப்பு. அந்த இலையைக் குடிச்சா ஊசி வேணாம்னு சொன்னேனே, அது தப்பு. என் வீட்டு மாடியில இருக்கறவங்க என்னால ரெண்டு விரல இழந்துட்டாங்க. ஊசிய நிறுத்தாதீங்க” என்றாள். அவள் பேசியதிலேயே நான் மதித்துக் கேட்டது அதுதான்.

அன்று மாலையே அதையும் நீக்கிவிட்டார்கள். அதே இரண்டு வரி. தவறான மருத்துவத் தகவல். இலையின் பெயர், சர்க்கரை, ஊசி வேணாம். இந்தச் சொற்கள் சேர்ந்து வந்தால் வெட்டு என்று எங்கோ ஒரு இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. ‘சொன்னேனே, அது தப்பு’ என்ற தமிழ் அதற்கு எட்டவில்லை.

“டேய்,” என்றாள் அக்கா, “தப்புன்னு சொன்னதும் தப்பாடா?”

நானும் மீராவும் முறையீடு எழுத உட்கார்ந்தோம். தமிழில் ஒரு பொத்தான் இருந்தது: ‘இந்த முடிவுடன் உடன்படாததைத் தெரிவி’. மீரா அதை உரக்க வாசித்துவிட்டு, “அப்பா, இது நான் பேசற தமிழ் மாதிரி இருக்கு” என்றாள். ஆங்கிலத்தில் எழுதினோம், ஜெர்மனில் எழுதினோம், அக்கா பேசியதை வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சேர்த்தோம். முதல் வீடியோவை நீக்க ஒரு விரலால் அழுத்தியவள், இரண்டாவதை மீட்கச் சாயங்காலம் முழுக்கத் தட்டச்சு செய்தாள். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. மறுபடி எழுதினோம். மறுபடி நன்றி.

“அப்போ, முதல் வீடியோவ ரிப்போர்ட் பண்ணது தப்பா?” என்று மீரா என்னைக் கேட்டாள்.

“இல்ல. பண்ணது சரி.”

“அப்புறம் ஏன் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு?”

எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அந்தக் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய ஒரே பதில் அதுவாகவே இருந்தது. அதைத்தான் சொன்னேன்.

கடைசியில் திருத்த வீடியோவைத் திருப்பிக் கொடுத்தார்கள். காரணம் சொல்லவில்லை. அதற்குள் பார்க்க ஆள் இல்லை. ஆனால் நீக்கப்பட்ட முதல் வீடியோவை யாரோ முன்பே இறக்கி வைத்திருந்தார்கள். அது குழுக்குழுவாகச் சுற்றியது. தாம்பரத்தில் என்னோடு படித்தவர்களின் குழுவுக்கே வந்தது. மேலே ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ‘இதை ஏன் நீக்கினார்கள் என்று யோசியுங்கள்.’

5

விடுமுறையில் நான் மட்டும் ஊருக்குப் போனேன். மீராவுக்குத் தேர்வு இருந்தது.

பெடலை அழுத்த ஸ்டெல்லாவுக்குக் கால் ஒத்துழைக்கவில்லை. கையால் சுற்றும் பழைய தையல் மெஷின் ஒன்று கிடைக்குமா என்று பார்க்க அக்கா என்னைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அழைத்துப் போனாள். செடி, கட்டில், ஓடாத ஃபேன், யார் வீட்டிலிருந்தோ வந்த குழந்தை சைக்கிள் எல்லாம் கடந்து போனால் ஒரு ஓரத்தில் கருவாடு. அங்கே நின்று அக்கா நெத்திலிக்கு விலை பேச ஆரம்பித்தாள். வேறு பக்கம் பார்த்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த கருவாட்டுக்காரம்மா குரலைக் கேட்டுச் சட்டென்று திரும்பினாள்.

“அக்கா! நீ வீடியோல பேசற அக்கா தானே? அந்த இலைக் கஷாயம்!”

அக்கா கையிலிருந்த நெத்திலியைக் கீழே வைத்தாள்.

அந்தம்மா பெயர் அஞ்சலை. கடற்கரைக் குப்பத்திலிருந்து வாரா வாரம் வருகிறவள். “உனுக்குக் கோயிலே கட்டணும்க்கா. எங்க வூட்டுக்காரருக்கு அதத்தான் குட்த்துகினு கீறேன்.”

“ஊசி போடறாரா?”

“அத்த நிறுத்தி ஒரு வாரம் ஆவுது. கொஞ்சம் சோர்வா கீறாரு, உடம்பு பழகுற வரிக்கும் அப்டித்தான் இருக்கும்னு குரூப்ல போட்ருந்தாங்க.”

அக்கா குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அஞ்சலை, நான் சொன்னது தப்பும்மா. ஊசிய நிறுத்தக் கூடாது. நான் தப்பா சொல்லிட்டேன்.”

அஞ்சலை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “தெரியும்க்கா. மெரட்டிக்கீறானுங்க உன்ன. நீ சொன்னது நெசம், அதான் எட்த்துட்டானுங்க. மருந்து கம்பெனிக்காரன் வுடுவானா?” பிறகு என்னைப் பார்த்தாள். “இது யாரு? கூடவே நிக்கிறாரு?”

“என் தம்பி. ஜெர்மனில நர்ஸா இருக்கான்.”

“அதான பாத்தேன்” என்றாள் அஞ்சலை.

எனக்கு இந்த நாட்டில் ஒரு படிப்பும் அந்த நாட்டில் ஒரு படிப்பும் இருக்கிறது. அந்தக் கருவாட்டுக் குவியல் முன்னால் இரண்டும் ஒரு பைசாவுக்குப் பெறவில்லை. நான் வாயைத் திறந்தால் அக்காவை மிரட்டுகிறவன் நான்தான் என்று உறுதியாகிவிடும். இரண்டடி தள்ளிப்போய் நின்றேன்.

அக்கா கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள். சேலை விற்ற குரலை எடுக்கவில்லை. அதை அவள் வேண்டுமென்றே தவிர்த்தது எனக்குத் தெரிந்தது. தடுமாறித் தடுமாறி ஸ்டெல்லாவைப் பற்றிச் சொன்னாள். அஞ்சலை கேட்டாள், நம்பவில்லை. அக்கா ஸ்டெல்லாவுக்கு வீடியோ கால் போட்டாள். ஸ்டெல்லா விஷயத்தைக் கேட்டுவிட்டு, போனை இறக்கித் தன் காலைக் காட்டினார்.

“வீடியோல இன்னா வேணா காட்டலாம்க்கா” என்றாள் அஞ்சலை. குரலில் பழைய உறுதி இல்லை.

போனுக்குள்ளிருந்து ஸ்டெல்லா, “மல்லிகாக்கா, அந்தம்மாவ எங்கயும் போக விடாதீங்க. நான் வரேன்” என்றார்.

முடிச்சூரிலிருந்து பல்லாவரம் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் கிட்டத்தில் இல்லை. வெயில் ஏறியது. அக்கா எழுந்து போகவில்லை. அஞ்சலை இடையிடையே வியாபாரம் பார்த்தாள், இடையிடையே எங்களைப் பார்த்தாள். ஒருமுறை தண்ணீர் பாட்டிலை அக்காவிடம் நீட்டினாள்.

ஸ்டெல்லா ஆட்டோவிலிருந்து இறங்கி, கூட்டத்துக்குள் காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தார். ஒரு பழக்கூடையைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

“தொட்டுப் பாரும்மா.”

அஞ்சலை தொடவில்லை. கருவாட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

“இந்த அக்கா பேச்சக் கேட்டா?”

“ஆமா.”

“நீ சண்ட போடலியா? இவுங்க கூடவே குந்திகினு கீற?”

“போட்டேன். இன்னும் கோவம் போகல” என்றார் ஸ்டெல்லா. “மெஷின்ல உக்காரும்போதெல்லாம் வருது. அதுக்குன்னு இவங்க இனிமே வாயே தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா, உன் வூட்டுக்காரருக்கு யாரும்மா சொல்றது? நீ டாக்டர் சொன்னாக் கேக்க மாட்ட. இதோ நிக்கிறாரே நர்சு, இவர் சொன்னாலும் கேக்க மாட்ட.”

அஞ்சலை முதல் தடவையாக என்னை ஆளாகப் பார்த்தாள். “சார், அந்தப் பழைய ஊசியவே இப்பப் போட்டா ஆவுமா?”

“நீங்களா போடாதீங்கம்மா. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு வாரமா போடலன்னு மறைக்காம சொல்லுங்க. அவங்க பாத்து முடிவு பண்ணுவாங்க.”

அவள் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுக் கூடைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். முதல் தடவை எண் தவறியது. இரண்டாவது தடவை மணி அடித்தது.

“யோவ், படுத்துகினா கீற? எயுந்து சட்டைய மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

அந்தப் பக்கம் ஏதோ எரிச்சலாகக் கேட்டது. அஞ்சலை அக்காவைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

“ஆமாய்யா. அதே அக்கா தான் சொல்லுது.”